நாற்பத்தொரு இடங்கள்

ஜனவரி 9

அன்புத் தங்கை ஏனம்மாவுக்கு,

இறையருளால் நான் குறையின்றி இருக்கிறேன். உன் முதுகுவலியும் உன் கணவரின் முன்கோபமும் தணிந்தனவா என்று அறிய ஆவல்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நம் பிரார்த்தனைக் கூடத்தில் நான் ஓதிய பாடல்களின் பதிவுகள் யாவும் உன் ஆய்வகத்துக்கு வேண்டும் என்கிறாய். கண் தெரியாதவர்களும் படுக்கையை விட்டு எழ முடியாதவர்களும் ஒரு சிறு பெட்டியிடம் பாடலின் எண்ணைச் சொன்னால், அது என் குரலில் அந்தப் பாடலைத் திருப்பிச் சொல்லும் என்கிறாய். செயலாளரிடம் சொன்னேன். ஆட்சிக் குழுவைக் கூட்டுமுன்பே தலையசைத்துவிட்டார். பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"உங்க தங்கச்சிக்குத்தான் கடவுள்னாலே ஆகாதே ஐயா. அவங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"அவளுக்குக் கடவுள்கிட்டதான் தகராறு. கண் தெரியாதவங்ககிட்ட இல்லை" என்றேன்.

ஒன்பதாண்டுப் பதிவுகளையும் அவர் அனுப்பி வைப்பார். வாரத்துக்குப் பன்னிரண்டு வீதம் எண்ணூற்றுப் பன்னிரண்டு பாடல்களையும் ஓதி முடிக்க அறுபத்தெட்டு வாரம் ஆகிறது. கடைசிச் சுற்று இந்த மாதம்தான் நிறைவுற்றது. அதை மட்டும் புதிய மைக்கில் பதிந்திருக்கிறோம். குரல் தெளிவாக இருக்கும். பழையவற்றில் இரைச்சல் மிகுதி. உன் அண்ணி மறைந்து வரும் மாதத்தோடு இரண்டாண்டு நிறைகிறது. புதிய மைக்கை அவள் பார்க்கவில்லை.

ஒரு கேள்வி கேட்டு முடிக்கிறேன். எங்களுக்கு மறைநூல் இருக்கிறது. செய், செய்யாதே என்று அது சொல்கிறது. பகுத்தறிவு பேசும் உங்களுக்கு ஒரே ஒரு கட்டளையாவது உண்டா?

உன் மேல் இறைவனின் பார்வை இருக்கட்டும். அது உனக்கு வேண்டாம் என்றால் என் பார்வையாவது இருக்கட்டும்.

அண்ணன்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். முதுகுவலி குறைந்தது. அவருடைய கோபம் குறையவில்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

பதிவுகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. இனி நடப்பது மிக எளிது. அச்சிட்ட நூலை ஒரு பக்கமும் உங்கள் குரலை மறுபக்கமும் வைத்து, இயந்திரம் சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்க்கும். பொருந்தாத இடத்தில் சிவப்புக் கோடு போடும். நீங்கள் நீதிமன்றத்தில் முப்பத்தோராண்டு சாட்சியம் எழுதியபோது ஓரத்தில் குறி வைப்பீர்களே, அதைப் போல. கோடு விழுந்த இடங்களை நான் காதால் கேட்டுச் சரிபார்ப்பேன். புதிய சுற்றையே பெட்டியில் வைக்கப் போகிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு கட்டளை உண்டு. நானே எனக்கு எழுதிக்கொண்டது. ஒருவரைப் பற்றிய உண்மை முதலில் அவருக்கே சொந்தம்.

எங்கிருந்து அது வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவின் கடைசி நான்கு மாதமும், வயிற்றில் சாதாரணப் புண் என்று நீங்களும் மருத்துவரும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போக நினைத்தாளோ, அதைச் சொல்லாமலே போனாள். அதற்காக இரண்டு வருடம் உங்களோடு பேசாமல் இருந்தேன். இப்போது கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள்.

ஏனம்மா


பிப்ரவரி 11

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் தன் கடமையைச் செய்கிறது. மழைக்கு முதல் நாள் வலித்து எனக்குச் செய்தி சொல்கிறது. உங்கள் இருவரின் நலத்தையும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் கட்டளையைப் படித்தேன். நன்றாக இருக்கிறது; நம் நூலில் இருந்திருக்கலாம். அம்மாவிடம் நான் சொல்லாதது அன்பினால்தான். அன்பினால் செய்தது என்பதாலேயே சரியாகிவிடும் என்று அப்போது நம்பினேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கூடத்தைப் பற்றி ஒரு மகிழ்ச்சியான செய்தி. நான் ஓதும்போது இப்போதெல்லாம் சபையும் சேர்ந்து சொல்கிறது. முன்பெல்லாம் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு வருடமாக, நடுநடுவே நாற்பது குரலும் எழுந்து வருகின்றன. முன்வரிசையில் உட்காரும் தையல்கார அம்மாதான் பெரும்பாலும் முதலில் எடுக்கிறார். எனக்கு அடுத்தபடியாக முழுநூலும் மனப்பாடமாகத் தெரிந்தவர் அவர். சென்ற வாரம் ஓதி முடித்ததும் அருகில் வந்தார்.

"ஐயா, நாங்களும் கூடச் சொல்றது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

"இதுல தொந்தரவு என்னம்மா? பக்தி முத்துனா வாய் சும்மா இருக்குமா?"

அவர் ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊசி வேலை செய்கிறவர்களுக்குக் கண் சீக்கிரம் கலங்கிவிடும் போலும்.

எங்கள் கூடத்து வழக்கம் உனக்கு நினைவிருக்கும். ஓதுபவர் முன்னால் நூல் மூடியே இருக்கும். அவர் அதைத் திறந்தால், பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார் என்று பொருள். எனக்கு முன்பிருந்தவர் எழுபத்தெட்டாம் வயதில் திறந்தார். எனக்கு எழுபதுதான் ஆகிறது. இன்னும் எட்டாண்டு மூடிய நூலுடன் நிற்க வேண்டும் என்பதொன்றே என் ஆசை. மனைவி போன வீட்டில் வேறென்ன இருக்கிறது? அந்த ஒரு காலைப் பொழுதுக்காகவே மற்ற ஆறு நாளும் விடிகின்றன.

இயந்திரம் எத்தனை கோடு போட்டது என்று எழுது. போட்டிருந்தால், அது இயந்திரத்தின் பிழையாக இருக்கும்!

ஆசிகளுடன்,
அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை மிகுதி. நாங்கள் நலம்.

இயந்திரத்தின் பணி நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் சிறிது காலம் ஆகும்.

தூக்கம் சரியாக வருகிறதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? கடைத்தெருவுக்குத் தனியாகத்தான் போய் வருகிறீர்களா? எழுபது வயதானவர்கள் ஆண்டுக்கொருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நரம்பு, மூளை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். விருப்பமிருந்தால் நான் வந்து அழைத்துப் போகிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஏனம்மா


மார்ச் 29

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ நலமா என்று சம்பிரதாயத்துக்காக அல்லாமல் உண்மையாகவே கேட்கிறேன்.

ஐந்து வாரம் காத்திருந்ததற்கு அரைப் பக்கம் வந்தது. அந்த அரைப் பக்கத்தில் உன் சண்டை ஒன்றுகூட இல்லை. "இறையருளால்" என்று நான் எழுதினால் வழக்கமாக ஒரு குத்தலாவது வரும். முப்பத்தோராண்டு சாட்சிகளைப் பார்த்தவன் நான். நிறையப் பேசுகிற சாட்சியை நம்பலாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவனை வக்கீல் இரண்டாம் முறை கூண்டில் ஏற்றுவார். உன் ஆய்வகத்தில் ஏதேனும் தொல்லையா? அவருக்கு உடம்பு சரியில்லையா?

உன் கேள்விகளுக்கு வரிசையாக விடை: தூங்குகிறேன். சாப்பிடுகிறேன். கடைத்தெருவுக்குத் தனியாகத்தான் போகிறேன். சென்ற வாரம் திரும்பும்போது வேறொரு தெருவுக்குள் போய்விட்டேன். சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், யாருக்கும் வழி தவறும். மருந்துக்கடைக்காரர் வீடு வரை உடன் வந்தார். நல்ல மனிதர்.

பரிசோதனை எதற்கு? வண்டி ஓடும்போது அதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

இறைவன் காப்பானாக.

அண்ணன்


மே 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அவருக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது. ஆய்வகத்திலும் தொல்லையில்லை.

பெட்டி முடிந்தது. முதல் பெட்டியை உங்களுக்கே அனுப்புகிறேன். எண்ணூற்றுப் பன்னிரண்டும் இருக்கின்றன. ஒவ்வொரு பாடலும் எந்த நாளில் ஓதப்பட்டது என்ற பட்டியலையும் உடன் வைத்திருக்கிறேன். கூடத்தின் சூழல் கேட்பவர்களுக்கு வேண்டும் என்பதால் பின்னணி ஓசைகளை நீக்கவில்லை. எண்ணைத் தெளிவாகச் சொல்லுங்கள், அது போதும்.

உங்கள் குரல் நன்றாக இருக்கிறது, அண்ணா.

பரிசோதனையைப் பற்றி நான் எழுதியதை மறுபடி யோசியுங்கள்.

ஏனம்மா


மே 19

அன்புத் தங்கைக்கு,

உடலால் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். மற்றவற்றைக் கீழே எழுதுகிறேன்.

பெட்டி வந்த அன்று செயலாளரும் தையல்கார அம்மாவும் என் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தார்கள். செயலாளர் கூச்சத்தோடு "ஒண்ணு" என்றார். என் குரல் முதற்பாடலைச் சொல்லிற்று.

"ஐயா, இப்ப நீங்க ரெண்டு பேரு. ஒருத்தர் ஓதுங்க, ஒருத்தர் போய் டீ போட்டுக் கொண்டாங்க" என்றார் தையல்கார அம்மா. வெகுநேரம் சிரித்தோம்.

அவர்கள் போன பிறகு, எனக்குப் பிடித்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அறுநூற்று நாற்பதாம் பாடல், துறை தெரியாமல் ஆற்று நடுவில் நிற்கும் படகோட்டியைப் பற்றியது. அதன் மூன்றாம் அடியை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன். உன் அண்ணிக்கு அது பிடிக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவள், அந்த அடியின் முடிவில் ஒரு முறை இருமுவாள். போதும், அடுத்ததற்குப் போங்கள் என்று அதற்குப் பொருள்.

பெட்டியில் அந்த இருமல் கேட்டது.

உன் பட்டியலைப் பார்த்தேன். அறுநூற்று நாற்பது, சென்ற செப்டம்பர் என்று இருந்தது. அவள் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே போய்விட்டாள்.

முதலில் என் நெஞ்சு சொன்னதை எழுத வெட்கப்படவில்லை. அவள் வந்திருந்தாள் என்று எண்ணினேன். நான் நம்புகிறவன், எனக்கு அதில் தடை ஏது? அரை மணி நேரம் அந்த நாற்காலியிலேயே மிகவும் நிறைவாக உட்கார்ந்திருந்தேன். பிறகு சாட்சியம் எழுதிய கை விழித்துக்கொண்டது. வேறு யாராவது இருமியிருக்கலாம். ஆனால் நாற்பத்திரண்டு ஆண்டு கேட்ட இருமல் அது. தேதி தவறாக இருக்கலாம். ஆனால் நீ தேதியில் தவற மாட்டாய். மேலும், அதே பாடலின் ஐந்தாம் அடியில் தையல்கார அம்மாவின் பேத்தி அழுகிறாள். அவள் பிறந்ததே சென்ற ஆண்டுதான். ஆகவே மூன்றாம் அடி மட்டும் பழைய பதிவிலிருந்து வந்து ஒட்டியிருக்கிறது.

ஓர் அடியை ஒருவர் ஏன் மாற்றி ஒட்ட வேண்டும்? அங்கே அந்த அடி இல்லாததால்தான்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக விளங்கிற்று. உன் அரைப் பக்கக் கடிதம். நரம்பு, மூளை என்ற விசாரிப்பு. பக்தி முத்தியதாக நான் பூரித்துப்போன சபையின் குரல். தோண்டிப் போட்டிருந்த சாலை. செயலாளரை அழைத்துக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றார். பொய் சொல்லிப் பழகாதவர். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நம் நூல் இறைவனை அளந்து பார்க்காதே என்கிறது. அவனுடைய அடியானை அளந்து பார்க்கக் கூடாது என்று எந்தப் பாடலிலும் இல்லை. நீ அளந்திருக்கிறாய். அளந்ததை என்னிடம் மறைத்திருக்கிறாய். உன் ஒரே கட்டளை எங்கே போயிற்று, ஏனம்மா?

கோபமாக எழுதவில்லை. அஞ்சுகிறேன். எத்தனை இடங்கள் என்று சொல்.

அண்ணன்


மே 26

அண்ணா,

நாற்பத்தொன்று.

எண்ணை முதலில் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க முடிகிறது. எப்படி இருக்கிறீர்கள்? நான் நன்றாக இல்லை.

பிப்ரவரியில் கோடுகள் விழத் தொடங்கின. நீங்கள் சொன்னபடியே இயந்திரத்தின் பிழை என்று நினைத்தேன். அதை இரண்டு முறை பிரித்துச் சோதித்தேன். பிறகு பழைய ஆறு சுற்றுகளையும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு இரண்டு அல்லது மூன்று, அதுவும் ஒரு சொல் இடறியதாக. இந்தச் சுற்றில் நாற்பத்தொன்று. அவற்றில் இருபத்தொன்பது கடைசி இருபது வாரத்தில். சில இடங்களில் ஓர் அடி விடுபட்டிருக்கிறது. சில இடங்களில் ஒரு பாடலில் தொடங்கி வேறொன்றுக்குள் போய்விடுகிறீர்கள். பல இடங்களில் நின்றுவிடுகிறீர்கள். சபை எடுத்துக் கொடுக்கிறது.

செயலாளரைத் தொலைபேசியில் கேட்டேன்.

"எங்களுக்கு ஒரு வருஷமா தெரியும்மா" என்றார். "ஐயா நின்னுட்டார்னா தையல்கார அம்மா எடுத்துக் குடுப்பாங்க. நாங்க எல்லாரும் சேர்ந்துக்குவோம். அவருக்கே தெரியாமப் பாத்துக்கறோம்."

"அவர்கிட்ட சொல்ல வேண்டாமா?"

"எப்படிம்மா சொல்றது? நீங்க சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்" என்று வீராப்பாகச் சொல்லி வைத்தேன். அதிலிருந்து பத்து வாரம் ஆகிவிட்டது. பெட்டி முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றேன். அண்ணியின் நினைவு மாதம் இப்போதுதான் போயிற்று, மனம் ஆறட்டும் என்றேன். கடிதத்தில் வேண்டாம், நேரில் சொல்வதே முறை என்றேன். நேரில் வரவும் இல்லை. ஒவ்வொரு காரணமும் நன்றாக யோசித்த காரணம். இத்தனை ஆண்டு பகுத்தறிந்து பழகியது, சாக்குகளைத் திருத்தமாகச் செய்ய உதவியது. கடைசியில் உங்கள் பழைய குரலைத் துண்டு துண்டாக எடுத்து, புதிய குரலின் ஓட்டைகளில் ஒட்டினேன். அம்மாவிடம் நீங்கள் சொன்ன வயிற்றுப் புண்ணுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நீங்கள் வாயால் செய்தீர்கள், நான் இயந்திரத்தால் செய்தேன்.

அன்று நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. புரிந்துவிட்டதால் அது சரியாகிவிடவில்லை. நான் செய்ததும்தான்.

அந்த இருமலை ஒட்டும்போது நானும் கேட்டேன். கூட்டத்தில் யாரோ என்று விட்டுவிட்டேன். அண்ணியோடு ஒரே வீட்டில் ஆறு வருடம் இருந்தவள் நான்.

நாற்பத்தொரு இடங்களையும், பாடல் எண், அடி, தேதியோடு இத்துடன் வைத்திருக்கிறேன். இது உங்களுடையது. நல்ல மருத்துவர் ஒருவரிடம் இதைக் காட்டுங்கள். நான் கிளம்பி வரட்டுமா?

ஏனம்மா


ஜூலை 14

அன்புத் தங்கைக்கு,

இறையருளால் (குத்தல் இருந்தால் எழுது) உண்கிறேன், உறங்குகிறேன், நடக்கிறேன். உன் மனம் தேறியிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

நீ வர வேண்டாம் என்று தந்தி போல ஒரு வரி எழுதிவிட்டு ஏழு வாரம் மௌனமாக இருந்தேன். முதலில் போக வேண்டிய இடங்களுக்கு நீ இல்லாமலே போய்விட்டு உனக்கு எழுத விரும்பினேன்.

மருத்துவமனைக்குச் செயலாளர் உடன் வந்தார். மருத்துவர் ஓர் இளம்பெண். உன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மறந்துவிட்டார்.

"இதை யாருங்க தயார் பண்ணினது?"

"கடவுள் இல்லைன்னு சொல்ற என் தங்கச்சி."

"பொதுவா வீட்டுக்காரங்க 'கொஞ்சம் மறதிங்க'ன்னு மட்டும் சொல்லுவாங்க. எப்ப ஆரம்பிச்சுது, எவ்வளவு வேகமாப் போகுதுன்னு தேதி போட்டுக் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கதான்."

படம் எடுத்தார்கள். மணி பார்க்கச் சொன்னார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள். முடிவில் அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு பேசினார். மறதி நோயின் தொடக்கம். நிறுத்த மருந்தில்லை. அதன் வேகத்தைக் குறைக்க மருந்து உண்டு. சில நல்ல ஆண்டுகளை எதிர்பார்க்கலாம். "ஓதுறதை விட்டுடணுமா?" என்று கேட்டேன். "விடவே விடாதீங்க" என்றார்.

வழியெல்லாம் செயலாளர் அழுதுகொண்டே வந்தார். நான்தான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கூடத்தில் நூலின் முன் நின்றேன். கைகள் தாமாகப் பின்னால் போயின. அதை மூடியே வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று ஓட்டிவிடலாம் என்று தோன்றிற்று. உன் பத்து வாரம் எப்படிப் போயிருக்கும் என்று அப்போது அறிந்தேன். பிறகு நூலைத் திறந்தேன்.

"நாற்பத்தோரு இடத்துல தவறியிருக்கேன்" என்றேன். "உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. இப்ப எனக்கும் தெரியும். வழக்கப்படி நூலைத் திறந்துட்டா இறங்கிடணும். நீங்க சம்மதிச்சா, திறந்து வச்சுக்கிட்டே ஓதுறேன். இல்லைன்னா தையல்கார அம்மா வந்து நிக்கட்டும்."

தையல்கார அம்மா எழுந்தார்.

"ஐயா, பன்னெண்டு பாட்டு பாக்கி இருக்கு. இப்படிப் பேசிக்கிட்டே நின்னா எப்ப முடிக்கிறது?"

ஓதினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை அடியின் கீழ் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல ஓதினேன். நினைவு இறைவன் கொடுத்த கொடை என்று எத்தனையோ முறை இதே நூலிலிருந்து ஓதியிருக்கிறேன். கொடுத்தவன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போதுதான் அதன் பொருள் பிடிபடுகிறது. எனக்கு அச்சம் இருக்கிறது. அது இல்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

இனி உனக்கு மூன்று வேலைகள். ஒன்று, பெட்டியிலிருந்து நீ ஒட்டியவற்றை எடுத்துவிடு. நான் நின்ற இடத்தில் நிற்கட்டும், சபை எடுத்துக் கொடுத்தது அப்படியே கேட்கட்டும். செயலாளரும் சம்மதித்துவிட்டார். இரண்டு, உன் அண்ணியின் இருமலைத் தனியாக எனக்கு அனுப்பு. பாடலில் அது இருக்கக் கூடாது. அவள் அன்று அங்கே இல்லை. மூன்று, என் கடிதங்களில் நான் தவறினால், எண்ணிட்டு எனக்கே எழுது. நாற்பத்திரண்டிலிருந்து தொடங்கு. இரக்கப்பட்டு ஒன்றைக்கூட விடாதே.

ஆசிகளுடன்,
அண்ணன்


ஜூலை 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் தேறிவிட்டேன். மருந்தை வேளை தவறாமல் எடுத்துக்கொள்கிறீர்களா?

முதல் இரண்டையும் செய்துவிட்டேன். இருமல் தனியாக வருகிறது. ஒட்டாத அறுநூற்று நாற்பதையும் முழுவதுமாகக் கேட்டேன். நீங்கள் நின்ற பிறகு மூன்று விநாடி ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெண் குரல். பிறகு எல்லோரும். இயந்திரம் அந்த இடம் முழுவதையும் பிழை என்று சிவப்பாகக் காட்டியிருந்தது. உடன் வேலை செய்கிறவர்களிடம் இதற்கு இன்னொரு நிறம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். என்ன நிறம் என்று கேட்கிறார்கள். இன்னும் தெரியவில்லை.

மூன்றாவதற்கும் சம்மதிக்கிறேன். எளிதாகச் சம்மதிக்கவில்லை.

ஏனம்மா


செப்டம்பர் 6

அன்புத் தங்கைக்கு,

மருந்து வயிற்றைப் புரட்டுகிறது, மற்றபடி நலமே. உன் முதுகு, அவருடைய கோபம், இரண்டும் அவரவர் இடத்தில் இருக்கின்றன என்று நம்புகிறேன்.

திருத்திய பெட்டிகள் பதினாறு வீடுகளுக்குப் போயிருக்கின்றன. முதுகெலும்பு ஒடிந்து இரண்டாண்டாகப் படுக்கையில் இருக்கும் பஸ் ஓட்டுநர் ஒருவர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஐநூறு" என்றார். பெட்டி ஐநூறாம் பாடலைச் சொல்லிற்று. "நல்லாருக்குய்யா" என்றார். "பாடலின் எண்ணைச் சொல்லுங்கள்" என்றது பெட்டி. "பாராட்டினாக்கூட நம்பர் கேக்குது, ஆபீஸ்ல கியூவுல நிக்கிற மாதிரி" என்று அலுத்துக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. தோண்டிப் போட்டிருந்த சாலையை மூடிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் இப்போது மாலையில் என்னுடன் நடக்க வருகிறார். அவர் சொல்லவில்லை என்றாலும் செயலாளரின் ஏற்பாடு என்று ஊகிக்கிறேன். தையல்கார அம்மா என் சட்டைப் பையின் உட்புறம் வீட்டு முகவரியைத் தைத்துக் கொடுத்திருக்கிறார். கேட்டால், "அது என் கடையோட விளம்பரம் ஐயா" என்கிறார்.

உன் அண்ணியின் இருமலைத் தினமும் ஒரு முறை கேட்கிறேன். ஒரு முறைக்கு மேல் கேட்பதில்லை. அதிகம் கேட்டால் அவளுக்கே பிடிக்காது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. படுக்கையில் இருக்கும் பஸ் ஓட்டுநர் ஒருவர் வீட்டுக்குப் பெட்டி கொண்டுபோயிருந்தேன். ஐநூறாம் பாடலைக் கேட்டுவிட்டு "நல்லாருக்குய்யா" என்றார். அது உடனே எண்ணைக் கேட்டது. "பாராட்டினாக்கூட நம்பர் கேக்குதே!" என்றார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. அவர் விழுந்த நாளிலிருந்து அந்த அம்மா சிரித்ததேயில்லையாம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டீங்களா ஐயா, கேட்டீங்களா" என்றார்.

உன்னை இறைவன் காக்கட்டும்.

அண்ணன்


செப்டம்பர் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

வயிறு புரட்டுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றுவார்கள். நாங்கள் இருவரும் அடுத்த மாதம் அங்கே வருகிறோம். அவருடைய கோபமும் உடன் வரும்.

நாற்பத்திரண்டு: பஸ் ஓட்டுநரும் பெட்டியும். ஒரே கடிதத்தில் இரண்டு முறை சொல்லியிருக்கிறீர்கள். முதல் முறை சொன்னது இரண்டாம் முறை உங்கள் நினைவில் இல்லை. முதல் முறையில் அவர் மனைவியை விட்டுவிட்டீர்கள். இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது.

கேட்டபடி எழுதிவிட்டேன். இந்த நாலு வரியை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

உங்கள் தங்கை,
ஏனம்மா